வலைப்பாட்டு பாடிய கம்ப்யூட்டர்

"மெசினு சும்மா இருக்கறதுக்குக்கூட எழுதி வைக்கணும், மாமா!"

எண்பதுகளில் ஒருநாள், பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில் முன் சீட்டு மீனவர் சொன்னார். பக்கத்தில் பெரியவர் ஒருவர்.

"இன்னா மெசினு?"

"மெட்ராஸ்ல கூட்டாளி ஊட்ல கம்ப்யூட்டரு. டிவில மாட்டிக்கீறான். மெட்ட ஒவ்வொரு எழுத்தா தட்டி வச்சா, அதுவே வாசிக்குது. நம்ம வலை இழுக்கிற பாட்ட பாடிக் காட்டுனேன். தட்டுனான். நிக்காம ஓடிச்சி."

"பாட்டு நிக்கிற எடத்துலதான வலைய இழுப்போம்? நிக்கலன்னா எங்க இழுக்கறது?"

"அதத்தான் கேட்டேன். இழுக்கிற நேரத்தயும் எண்ணி, அங்கெல்லாம் சும்மா இருன்னு எழுதி வச்சான். மறுபடி வாசிச்சுது. சரியா அங்க வந்து நின்னுச்சி மாமா!"

"அப்புறம்?"

"ரூம்ல வலையே இல்ல. என் ரெண்டு கையும் தானா இழுத்துச்சி."