மங்கலாய்த் தெரிந்த இரண்டாவது கோடு

கணீரென்ற குரலால் இந்தக் கூடத்தையே கட்டியாளும், வாகனப் பயிற்றுநர் சங்கத்தின் தலைவி அவர்களே! நான் இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தைக் கவலையோடு பார்க்கும் செயலாளர் அவர்களே! கிளட்ச் எது, பிரேக் எது என்று அறியாமல் வந்தவர்களையெல்லாம் தெருவில் தனியே ஓடவிட்டு, அந்த அச்சத்திலேயே தலை நரைத்துப்போன மூத்த பயிற்றுநர்களே! வீட்டையும் ஓட்டி வண்டியையும் ஓட்டும் வல்லமை பெற்ற தாய்மார்களே! பின்வரிசையில் இருந்தால் பேச்சு கேட்காது என்று நம்பி வந்து, ஒலிபெருக்கிக்கு அடியிலேயே மாட்டிக்கொண்ட இளைஞர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்!

"தொற்றுக் காலத்தில் நாம் கற்றது என்ன?" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். கற்பிப்பவனிடமே கற்றது என்ன என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டார்கள், சொல்லிவிடுகிறேன்.

நம் தொழில் எப்படிப்பட்ட தொழில்? எண்ணிப் பாருங்கள்! அலுவலகத்தில் ஆறடி தள்ளி அமரச் சொன்னார்கள். கடைவாசலில் வட்டம் வரைந்து நிற்கச் சொன்னார்கள். நமக்கோ? இந்தப் பக்கம் ஓர் உயிர், அந்தப் பக்கம் ஓர் உயிர், நடுவிலே ஒரே ஒரு கியர் கம்பி! அதைவிட நெருக்கமாக உட்கார வேண்டுமென்றால் ஓட்டுநர் மடியில்தான் உட்கார வேண்டும். என்ன சிரிக்கிறீர்கள்? முதல் நாள் பாடத்தில் லாரி எதிரே வந்தபோது என் மடிக்கே தாவி வந்த மாணவர் ஒருவர் உண்டு!

அப்படிப்பட்ட தொழில் செய்பவன் வீட்டில், என் மனைவி எப்படிப்பட்ட நிலையில் இருந்தாள் தெரியுமா? தொற்று பரவுவதற்கு இரண்டாண்டுகள் முன்புதான் அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். வந்த விருந்தாளியை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரைகளை அவள் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். தடுப்பூசி போட்டாலும் உங்களுக்கும் எனக்கும் பலன் தருகிற அளவு அவளுக்குத் தராது.

"அப்ப என்னதான் பண்றது டாக்டர்?" என்று கேட்டேன்.

"அவங்களைச் சுத்தி இருக்கிற நீங்க எல்லாரும் போட்டுக்கங்க. நீங்கதான் அவங்களுக்கு மதில் சுவர்" என்றார்.

சுவராக நின்றோம். நான் போட்டுக்கொண்டேன். வெளியூரில் இருக்கும் மகள் போட்டுக்கொண்டாள். மருமகன் போட்டுக்கொண்டார். ஆனால் அந்தச் சுவரிலே ஓர் ஓட்டை. ஆறடி இரண்டங்குலத்தில் ஓர் ஓட்டை. அதுதான் என் மச்சினன்!

மனைவியின் தம்பி. கிரேன் ஓட்டுபவன். நாமெல்லாம் தரையில் ஓட்டவே தடுமாறுகிறோம். அவன் நூற்றைம்பதடி உயரத்தில், காற்றிலே ஆடுகிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரும்பு உத்திரங்களைப் பூப்போல இறக்கிவைப்பவன். அவனிடம் ஊசி என்று சொன்னால் போதும், பேராசிரியர் ஆகிவிடுவான்.

"அவசர அவசரமா கண்டுபிடிச்சது மாமா. பத்து வருஷமாச்சும் ஆராய்ச்சி பண்ணணும்."

அவன் அக்கா சமையலறையில் இருந்தபடியே சொன்னாள்: "தாராளமா பண்ணட்டும்டா. பத்து வருஷமும் நீ அந்தக் கூண்டுலயே இரு. சாப்பாட்டைக் கயித்துல கட்டி அனுப்பறேன்."

கடைசியில் ஒரு சட்டம் போட்டாள். ஊசி போடாத தம்பி ஒவ்வொரு முறையும் மாடிப்படியில் உட்கார்ந்து, வீட்டுச் சோதனைப் பெட்டியைத் திறந்து, மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றி, கால்மணி நேரம் காத்திருந்து, ஒற்றைக் கோடு காட்டினால்தான் கதவு திறக்கும். நூற்றைம்பதடியில் நிமிர்ந்து இருப்பவன் எங்கள் பன்னிரண்டாவது படியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனைப் பார்த்து நான் சிரிப்பேன். சிரித்தேன் ஐயா, சிரித்தேன்! எனக்கும் ஒரு நாள் வந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாண்டுகளாகப் பார்க்காத மகள், நான்கு மாதக் குழந்தையோடு வரும் நாள். வீட்டில் எல்லோரும் காலையில் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது மனைவியின் ஆணை. எனக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு. அது கிடக்கட்டும்; சனிக்கிழமை முழுக்க "பிரேக்! பிரேக்! அம்மா, பிரேக்!" என்று அலறியவனுக்குத் தொண்டை கரகரக்காமல் வேறென்ன செய்யும்? குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். குச்சியை விட்டேன், சுழற்றினேன், சொட்டுகளை விட்டேன், காத்திருந்தேன்.

'சி' என்ற எழுத்துக்கு நேரே முதல் கோடு பளிச்சென்று வந்தது. சோதனை சரியாக நடந்தது என்று பொருள். 'டி' என்ற எழுத்துக்கு நேரே இன்னொரு கோடு வந்தால் நோய் என்று பொருள். வந்ததா? வந்தது போல இருந்தது. வரவில்லையா? வராதது போலவும் இருந்தது! விளக்கடியில் பிடித்தேன், தெரிந்தது. சன்னலோரம் பிடித்தேன், தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினேன், ஆகா, தெரியவில்லை! கண்ணாடி இல்லாமலே பார்ப்பதுதான் கண்ணுக்கு நல்லது என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் அந்தக் குளியலறையில் நின்றவன் மனத்தில் என்னவெல்லாம் ஓடியது தெரியுமா? குப்பைக் கூடை காலடியில் இருக்கிறது. சோதனை அட்டையைத் தாளில் சுருட்டிப் போட்டால் யாருக்குத் தெரியும்? பேத்தியை ஒரே ஒரு முறை தூக்கிவிட்டு நாளைக்குச் சொன்னால் என்ன? இந்தக் கோடுகூட ஒரு கோடா?

இன்னொரு பெட்டியையும் பிரித்தேன். அதிலும் அதே மங்கல் கோடு. மூன்றாவதைப் பிரிக்கக் கை நீண்டது. நீண்ட கை நின்றது. எனக்குப் பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குப் பெயர் சோதனையா?

கதவு தட்டப்பட்டது. "என்னங்க, உள்ளேயே குடி போயிட்டீங்களா?"

"ரெண்டு கோடு தெரியுது" என்றேன்.

வெளியே அவள் இரண்டடி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பெரியோர்களே, அறுவை சிகிச்சைக்கு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. ஏனென்றால் அன்று பிழை நடந்திருந்தால் அது விதி. இன்று நடந்தால் அது நான்.

பிறகு அவள் குரல் வந்தது, அழுத்தந்திருத்தமாக. "கதவைத் திறக்காதீங்க. அந்த ஜன்னலைத் திறங்க. நான் மாஸ்க் போட்டுக்கிட்டு அந்த ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கறேன். குரல் குடுத்ததும் நீங்க நேரா கீழ போய் வண்டியில உக்காருங்க. சாவி ஆணியில இருக்கு. எதையும் தொடாதீங்க."

போனேன். கூரையில் 'பயிற்சி வண்டி' என்ற பலகை. உள்ளே கற்றுக்கொள்ள ஆளில்லாத ஆசிரியன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு மகள் வந்து இறங்கினாள். பத்தடி தூரத்தில் நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். கையசைத்தேன், குழந்தை பார்க்கவில்லை. முகத்தை அப்படியும் இப்படியும் கோணினேன். முகக்கவசத்துக்குள் எந்தக் கோணல் தெரியும்? சட்டென்று வைப்பரைப் போட்டேன். இப்படியும் அப்படியும் ஆடியது. அவ்வளவுதான், கலகலவென்று சிரித்தாள் என் பேத்தி! மழையே இல்லாத தெருவில் இருபது நிமிடம் வைப்பர் ஓடியது. போகிற வருகிறவர்கள் பயிற்றுநருக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்!

அவர்கள் மேலே போனபின் கைப்பேசியை எடுத்தேன். சனிக்கிழமை எனக்கு ஏழு மாணவர்கள். ஏழு பேருக்கும் சொல்ல வேண்டுமே! முதலில் நம் சங்கத்து நண்பர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். பெயர் சொல்ல மாட்டேன். அவர் இப்போது மேடையில் மூன்றாவது நாற்காலியில் குனிந்து தண்ணீர் குடிக்கிறார்.

"உமக்கென்னய்யா கிறுக்கா? நம்ம வண்டியில ஏறினா நோய் வரும்னு நீரே தண்டோரா போடப் போறீரா? பேசாம வீட்ல படும்" என்றார்.

அவரைக் குறை சொல்லவில்லை. அன்று நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்லியிருப்போம். ஆனாலும் நான் அழைத்தேன். ஒருவர், "நன்றி சார், சோதிச்சுக்கறேன்" என்றார். ஒருவர், "இனிமே உங்க வண்டிக்கே வர மாட்டேன்" என்று வைத்துவிட்டார். ஒருவர் என் குலத்தையே விசாரித்தார்!

ஐந்தாவதாகத் தட்டச்சம்மாவை அழைத்தேன். நீதிமன்றத்தில் முப்பதாண்டுகள் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயதில் ஸ்டியரிங் பிடிக்க வந்தவர். நான் அலறிய பிரேக்கில் பாதி அவருக்காகத்தான். சனிக்கிழமை மழை, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினோம்.

"தம்பி, காலையில இருந்து எனக்கும் லேசா தலைவலி. மழையில நனைஞ்சதுன்னு நெனச்சேன். நான் இப்பத்தான் கிளம்பி வாசல்ல நிக்கறேன்."

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"ஞாயித்துக்கிழமை ஆனா எங்க அண்ணனைப் பார்க்கப் போவேன். முதியோர் இல்லத்துல இருக்காரு."

"அங்க எத்தனை பேரு இருக்காங்க?"

"நாப்பது பேரு."

கைப்பேசியில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "செருப்பைக் கழட்டிட்டேன் தம்பி" என்றார்.

அரைமணி கழித்து அவரே அழைத்தார். இரண்டு கோடு. என்னுடையது போல மங்கல் இல்லை. தட்டச்சு எழுத்து போலப் பளிச்சென்று! நான் அவருக்குக் கொடுத்தேனா, அவர் எனக்குக் கொடுத்தாரா? யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரிய வேண்டும்? நாற்பது முதியவர்கள் அன்று அமைதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். தங்கள் வாசல்வரை என்ன வர இருந்தது என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது!

ஏற்றிய கண்ணாடியையும் தாண்டிக் கேட்ட என் பேச்சையெல்லாம் ஒருவன் கேட்டுக்கொண்டு நின்றான். அக்கா மகளைப் பார்க்க வந்து, அக்கா கொடுத்த சாப்பாட்டுப் பாத்திரத்தை வண்டியின் முன்மூடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்ற என் மச்சினன். கைப்பேசியில் அழைத்தான். பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கைப்பேசியில் பேசினோம்.

"ஊசி போட்டும் வந்துருச்சே மாமா?"

"சீட் பெல்ட் போட்டா விபத்தே நடக்காதுன்னு எவன்டா சொன்னான்? கண்ணாடியில தலை மோதாது, அவ்வளவுதான். இந்தா பாரு, உக்காந்து உன்கிட்ட வாயடிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "குப்பையில போட்டுடலாமான்னு தோணலையா மாமா?"

"தோணிச்சு. கண்ணாடியைக் கூடக் கழட்டிப் பார்த்தேன்."

தலையைக் குனிந்துகொண்டான். ஆறடி இரண்டங்குலம் அப்படியே சுருங்கியது. "மாமா, ஆராய்ச்சி கீராய்ச்சி எல்லாம் சும்மா. எனக்கு ஊசின்னா பயம். சின்ன வயசுல இருந்தே. கிரேன்ல வேலை பார்க்கறவன் இதை வெளிய சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

நான் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் சிரிக்காமல் இருந்ததற்காக நான் பெருமைப்படும் ஒரே தருணம் அது.

எனக்கு மூன்று நாள் காய்ச்சல்; பயிற்சிப் பள்ளியின் அலுவலக அறையில் தனியே படுத்துக் கடந்தேன். தட்டச்சம்மாவுக்கு எட்டு நாள் இருமல். என் மனைவிக்கு? ஆறு நாள் விடாமல் சோதித்தாள். ஆறு நாளும் ஒற்றைக் கோடு! பன்னிரண்டாம் நாள் மச்சினனை ஊசி போடும் கூடத்துக்கு அழைத்துப் போனேன். என் கையை அவன் பிடித்த பிடியில் இரும்பு உத்திரமே நசுங்கியிருக்கும். "அந்தப் பக்கம் பாரு மாப்ள, நான் இந்தப் பக்கம் பார்த்துக்கறேன்" என்று தைரியம் சொல்லிவிட்டு நான் ஊசியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கண் விழித்தபோது நான் பெஞ்சில் படுத்திருக்கிறேன். அவன் எனக்கு விசிறிக்கொண்டிருக்கிறான்! செவிலியர் கேட்டார்: "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு ஊசி?"

பெரியோர்களே, தாய்மார்களே! அஞ்சுவது அவமானமா? இல்லை! நோய் வந்தது குற்றமா? இல்லவே இல்லை! நோயை மறைத்துக்கொண்டு அடுத்தவர் பக்கத்தில் போய் அமர்வதுதான் குற்றம். உண்மையைச் சொன்னவரை ஊரை விட்டுத் தள்ளுவது அதனினும் பெரிய குற்றம்! சொன்னால் ஒதுக்குவார்கள் என்று தெரிந்தால் எவர் சொல்வார்? ஒதுக்க ஒதுக்க மறைப்பார்கள். மறைக்க மறைக்கப் பரவும். சோதனைப் பெட்டி கடையில் கிடைக்கும். ஊசி மருத்துவமனையில் கிடைக்கும். "சொன்னதற்கு நன்றி" என்ற அந்த இரண்டு சொல் எங்கே கிடைக்கும்? நம் வாயிலிருந்துதான் கிடைக்க வேண்டும்! நாளை உங்கள் மாணவர் ஒருவர் அழைத்து, "சார், எனக்கு வந்திருக்கு, நீங்களும் பார்த்துக்குங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், முகம் சுளிக்காதீர்கள், முறைக்காதீர்கள், முதலில் நன்றி சொல்லுங்கள். அந்த ஒரு நன்றிக்காகத்தான் அவர் அந்தக் கைப்பேசியை அரைமணி நேரம் கையில் வைத்துக்கொண்டு தவித்திருப்பார்!

மூன்றாவது நாற்காலி நண்பர் கை தூக்குகிறார். என்ன ஐயா? "போன மாசம் நானும் எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னேன்" என்கிறார்! தட்டுங்கள் ஐயா கையை! இதை நானே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்! இதற்குமேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம்.

பொறுமை காத்த செயலாளருக்கும், மணி அடிக்காமல் விட்ட தலைவி அவர்களுக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சிந்திக்க வேண்டிய இடத்தில் சிந்தித்த உங்கள் அனைவருக்கும் நன்றி. நலமாய் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!