மருந்துக் கிடங்கில் மதியத் தூக்கம்

அப்போது கிடங்கு வாசலில் இருந்தவர்கள்:

மும்தாஜ் பேகம். மேலப்பாளையத்துக்காரர், வேலை வெளியூரில். வெளிநாட்டு அகதி முகாம்களுக்குப் போகும் மருந்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்.

மந்திரமூர்த்தி. கங்கைகொண்டான் பக்கத்தில் இருக்கும் அந்த மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர்.

பொன்செல்வி. பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவர். பேச்சின் பாதியில் வந்து சேர்ந்தார்.

வெளியே லாரியில் டிரைவர். தூங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சேர்க்க வேண்டியதில்லை.

— நான் அதைக் கேக்கல அண்ணாச்சி. ஏசி ஓடுதான்னு கேக்கல. ஓடுது, காதுல விழுது. மேற்குச் சுவர்ல மாட்டியிருக்க, சூட்டைக் குறிக்கிற லாகர் மட்டும் மதியமானா ஏன் ஏறுதுன்னு கேக்கேன்.

— கேட்டியளா மேடம், அது மிசின். இந்த வெயில்ல மனுசனுக்கே கிறுக்குப் பிடிக்கு.

— மத்த மூணு சுவர்லயும் அதே மிசின்தான் சூட்டைக் குறிச்சிட்டு இருக்கு. அதுக்கெல்லாம் பிடிக்கலியே. இந்தா, என் போன்லயே பாருங்க. காலைல இருபத்திரெண்டு. சாப்பாட்டு நேரம் வந்தா பைய ஏறுது. முப்பதைத் தாண்டிப் போய் நிக்கிது. டீ நேரத்துக்கு மேல இறங்குது. செவ்வாய்க்கிழமை சரக்கு வந்து இறங்கினதுல இருந்து தினமும் இதே கதைதான்.

— கொஞ்ச நேரம்தானே மேடம்.

— இது தண்ணி ஊத்திக் குலுக்கிப் பிள்ளைகளுக்குக் குடுக்கிற பொடி. இருபத்தஞ்சுக்குக் கீழ வைக்கணும்னு பெட்டியிலயே போட்டிருக்கு. உங்க ஆளுங்கதான் லேபிள் ஒட்டுதாங்க.

— அப்ப அந்தச் சுவரோரம் இருந்த பெட்டிய மட்டும் தள்ளி வச்சிருவோம். மிச்சம் லாரியில ஏறட்டும்.

— சரி. எது அந்தப் பெட்டி?

— அது உள்ளதான் எங்கனயோ கெடக்கும் மேடம்.

— சொல்லுங்க.

— உள்ளதச் சொல்லுதேன் மேடம். லேபிள் ஒட்ட ஒட்ட எங்கன இடம் கெடக்கோ அங்கன அடுக்கினோம். இன்னைக்கு மேற்கே இருந்தது நாளைக்குத் தெக்கே இருக்கும்.

— அப்ப எல்லாமே அந்தப் பெட்டிதான்.

— கேட்டியளா, சாயங்காலம் தூத்துக்குடிக்குப் போய்ச் சேரலைன்னா கப்பல் போயிரும். இது எங்களுக்கு மொத வெளிநாட்டுச் சரக்கு. இது திரும்புச்சுன்னா மொதலாளி இந்தக் கிடங்கை இழுத்துச் சாத்திட்டு மாட்டுத்தீவனம் அடுக்கப் போறேம்பாரு. ஏற்கெனவே சொல்லிட்டாரு. அதை விடுங்க. அங்கன பிள்ளைங்க காய்ச்சலோட கெடக்குன்னு நீங்கதானே சொன்னிய.

— காலைலயும் அந்த முகாம் டாக்டரம்மா போன் பண்ணாங்க. மருந்து எப்ப வரும்னு கேக்கவே இல்லை. இங்க மழை பெய்யுது, கூடாரம் ஒழுகுதுன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டாங்க.

— பொறவு என்ன. போட்டுருங்க கையெழுத்தை.

— மருந்து கெட்டா மீன் மாதிரி நாறாது அண்ணாச்சி. நிறம் மாறாது. பிள்ளை கண்ணை மூடிட்டுக் குடிக்கும். காய்ச்சல் விடாது. டாக்டர் நோயைத்தான் குத்தம் சொல்வாரு. ஒருத்தரும் இந்தச் சுவரை நினைக்க மாட்டாங்க.

— நீங்க பேசுதது எனக்கு ஏதோ தூக்கத்துல கேக்க மாதிரி இருக்கு. சுவரும் பிள்ளையும்.

— எனக்கும் அப்படித்தான் இருக்கு. ராவெல்லாம் ரயில். இந்தக் கதவைத் திறந்தா வருதே ஒரு குளிரு, அதுல நின்னாலே கண்ணு சொருகுது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?

— ஒண்ணுமில்ல. காலி மனை. உடைமரம்.

— மேல?

— தகரம்தான். உள்ள பஞ்சு வச்சு அடைச்சிருக்கு. நல்லாத்தான் அடைச்சானுவ.

— நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆளில்லாத நாள்லயும் ஏறினா கட்டடத்துல கோளாறு. ஏறலைன்னா ஆளுங்க ஏதோ பண்ணுதாங்க. ஆனா ஞாயிறு நாளன்னைக்குத்தான். கப்பல் இன்னைக்கு.

— மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா.

— யாரும்மா நீங்க?

— இவ நம்ம லேபிள் ஒட்டுதவ மேடம். பொன்செல்வி. ஏ பொன்செல்வி, பேசிட்டு இருக்கோம்லா. போளா அங்கிட்டு.

— இல்ல அண்ணாச்சி, சொல்லிட்டுப் போயிருதேன். மருந்து கெடலம்மா. அது என் சூடு.

— என்னது?

— மதியம் நான் உள்ள படுத்துத் தூங்குதேன். மிசினு என்னையத்தான் காட்டியிருக்கும்.

— அடி பாவி. மருந்து ரூமுக்குள்ளயா? ஏட்டி, தொப்பி போடாம நுழையக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கேன், நீ பாய் விரிச்சுப் படுக்கியா?

— பாயெல்லாம் இல்ல அண்ணாச்சி. பெட்டி அட்டைதான். தொப்பி போட்டுட்டுத்தான் தூங்குவேன்.

— சிரிக்காதிய மேடம்.

— சிரிக்கல. எந்நேரம்மா தூங்குவீங்க?

— எல்லாரும் சாப்பிடப் போவாகள்லா, அப்ப. டீ வரும்போது எந்திரிச்சிருவேன். வீட்டுல ராத்திரி தூக்கமே கெடையாதும்மா. தகரக் கொட்டகை. விடியும்வரைக்கும் அடுப்புக்குள்ள கெடக்க மாதிரி. இங்கன வந்து கண்ணை மூடினா, அது என்னமோ, உடம்பு இல்லாத மாதிரி ஆயிரும்.

— தினமுமா?

— சரக்கு வந்த நாள்ல இருந்து தினமும்.

— மேடம், பாத்தியளா. சாப்பாட்டு நேரம், டீ நேரம். உங்க போன்ல இருக்க அதே கணக்கு. மனுச உடம்பு ஒண்ணு பக்கத்துல கெடந்தா ஏறாதா? கட்டிப் பிடிச்சிட்டுத் தூங்கினா முப்பது என்ன, முப்பத்தஞ்சுகூடக் காட்டும். நல்லா தூங்கினியே தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும்.

— இப்பத்தான் பாவின்னிய.

— அது அப்ப.

— பொன்செல்வி, இதைச் சொன்னா வேலை போயிரும்னு தெரியும்லா?

— தெரியும்மா. கப்பல் பேச்சுல இருந்து வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். நான் தூங்கின தூக்கத்துக்கு அந்தப் பிள்ளைகளுக்கு மருந்து போகலைன்னா, பொறவு எனக்கு எங்க தூக்கம் வரும். அதுபோக, அந்த ஊரை எனக்குத் தெரியும்.

— எந்த ஊரை?

— இந்தப் பெட்டி போற ஊரு. தூங்கினா வந்திரும். நம்ம ஆறுதான் முதல்ல வரும், வண்ணார்பேட்டைப் பாலத்துக்குக் கீழ ஓடுமே, அதேதான். ஆனா கரை இருக்காது. பெட்டியெல்லாம் பைய மிதந்து போகும். நானும் ஒரு பெட்டி மேல உக்காந்து போவேன். தண்ணி சில்லுன்னு இருக்கும். போகப் போகப் பொம்பளைங்க நிப்பாக. இடுப்புல பிள்ளை. கையை நீட்டுவாக. என்ன பேசுதாகன்னு புரியாது. நான் லேபிளைக் காட்டுவேன். அதுக்குள்ள டீக்காரன் மணி அடிச்சிருவான்.

— அங்க ஆறு கிடையாது பொன்செல்வி. நான் போயிருக்கேன். செம்மண். மழை பெஞ்சா சகதி.

— அப்படியா.

— ஆனா பொம்பளைங்க நிக்கது சரிதான். சத்தம் போட மாட்டாங்க. வரிசையில நின்னுக்கிட்டே தூங்குவாங்க, பிள்ளை தோள்ல.

— மேடம், நேரம் ஆகுது. டிரைவரை எழுப்பட்டுமா?

— இருங்க. எனக்கும் அந்தப் பெட்டி மேல ஏறிப் போயிரணும்னுதான் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு இங்கனயே படுத்துரலாம். அதனாலதான் சொல்லுதேன், இருங்க. பொன்செல்வி, நீங்க எங்க படுப்பீங்க?

— ரேக்குக்கு அடியிலம்மா. சுவரோரமா.

— மேற்குச் சுவர்தானே தாயி? சொல்லு, மேற்குச் சுவரோரம்னு...

— அண்ணாச்சி, நீங்க பேசக்கூடாது. லாகர் எங்க மாட்டியிருக்குன்னு இவங்களுக்குத் தெரியுமா?

— தெரியாதும்மா. மிசினு எங்கன இருக்குன்னு நான் பாத்ததில்ல. எது மிசினு?

— அது உங்களுக்கு வேண்டாம். இப்ப சாப்பாட்டு நேரம்தான். தினமும் எப்படியோ அப்படியே போய்ப் படுங்க. எங்கயும் பாக்க வேண்டாம், எங்களுக்காக ஒண்ணும் செய்ய வேண்டாம்.

— நெசமாவா? இப்பவா?

— இப்பத்தான். தூக்கம் வருமா?

— நீங்க சொன்ன உடனேயே கண்ணு கனக்குதும்மா. அண்ணாச்சி, ஏசாதிய.

— நான் ஒண்ணும் சொல்லல. போ. போய் நல்லாத் தூங்கு. மேடம், கதவு?

— சாத்துங்க, குளிரு போகுது. கதவுல இருக்க கண்ணாடி வழியாப் பாருங்க. எனக்கு எட்டல.

— பாக்கேன். தொப்பி மாட்டுதா. மெய்தான் சொல்லியிருக்கா, கேட்டியளா, தொப்பியெல்லாம் மாட்டுதா. அட்டை ஒண்ணை உருவுதா. இவளுக்கு எந்த அட்டை எங்க இருக்குன்னு பழக்கமா இருக்கு மேடம், பொய்யே இல்ல.

— பொய்னு நான் நினைக்கல. எங்க போறாங்க?

— நடக்கா. கையால ஒவ்வொரு பெட்டியாத் தொட்டுக்கிட்டே போறா. சின்னப் பிள்ளை மாதிரி.

— எங்க அண்ணாச்சி?

— இருங்க மேடம், ரேக்கு மறைக்கு.

— அண்ணாச்சி.

— கிழக்கே போயிட்டா மேடம். ஏசிக்கு நேர் கீழ. குளிரு கொட்டுத இடம். அங்கனதான் அட்டையைப் போடுதா.

— மேற்குப் பக்கம் திரும்பவே இல்லையா?

— இல்ல. கூப்பிட்டு மாறிப் படுக்கச் சொல்லட்டுமா? ஒருவேளை இன்னைக்கு மட்டும்...

— அந்த இடத்துல அட்டை தேஞ்சிருக்கா, தரையில அடையாளம் இருக்கா, பாருங்க.

— தண்ணி பாட்டிலு ஒண்ணு இருக்கு. போர்வை ஒண்ணு மடிச்சு ரேக்குல சொருகியிருக்கு. ஆமா மேடம். இவ இடம் அதுதான்.

— தூங்கிட்டாங்களா?

— வாயைத் திறந்துட்டு. இவ்வளவு சீக்கிரம் ஒருத்தி தூங்கி நான் பாத்ததில்ல. போன்ல என்ன காட்டுது? பேசுங்க மேடம். ஏறாம இருக்கா?

— கிழக்குல அப்படியே இருக்கு. மேற்குல இருபத்தாறு. இருபத்தேழு.

— அங்கன ஆளே இல்லையே.

— இல்லை.

— உள்ள போய் எழுப்பிச் சொல்லணுமே. அவளால ஒண்ணும் இல்லன்னு. லாரி போகலன்னு. எப்படிச் சொல்ல.

— எழுப்ப வேண்டாம். இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருப்பாங்க. உள்ள இருந்து திறந்துக்கலாம்லா இந்தக் கதவை?

— திறக்கலாம். கொண்டி இருக்கு.

— அப்ப வெளிய பூட்டிருங்க. இனிமே இதுல இருந்து ஒரு பெட்டி வெளிய வரக்கூடாது.

— பூட்டிட்டேன் மேடம்.