மைனி சொன்ன பேர்

குடும்ப ஜெபம், குடும்ப ஜெபம்னு இந்தப் பெண்கள் கூட்டத்திலே காலையிலேர்ந்து எல்லாரும் பேசியாச்சு. எனக்கு முன்னாடி பேசின தங்கச்சி அழகாச் சொன்னா, ஜெபம் இருக்கிற வீட்டிலே பிரிவினை வராதுன்னு. அப்படியா?... நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவ. வசனத்தை வரிசையாச் சொல்ல எனக்கு வராது. நடந்த ஒண்ணைச் சொல்றேன். அடுப்பிலே வச்ச பால் பொங்குறதுக்குள்ள முடிஞ்சிரும். காது கொடுங்க தாய்மாரே.

எங்க அப்பா வீட்டிலே கிறிஸ்மஸ்னா ஒரு முறை உண்டு. ஆராதனை முடிஞ்சு வந்ததும் யாரும் பச்சைத் தண்ணி தொடக்கூடாது. நடுவீட்டிலே பாய் விரிச்சு எல்லாரும் முழங்கால் போடணும். அப்பா மூத்ததிலேர்ந்து கடைக்குட்டி வரைக்கும் ஒவ்வொருத்தர் பேராச் சொல்லி ஜெபம் பண்ணுவார். பேர் வந்தவங்க ஆமென் சொல்லணும். சின்னதிலே எங்களுக்குப் புது உடுப்பு கூட ரெண்டாவதுதான். நம்ம பேர் எப்போ வரும்... அதுதான் கிறிஸ்மஸ்.

நான் கட்டிக்கிட்டது ஆர்.சி. ஆளை, கத்தோலிக்கரை. நாங்க வேற சபை. அவங்க கோயில்லேயே கல்யாணம் முடிச்சுக்கிட்டேன். அவருக்கும் இயேசுதான், எங்க அப்பாவுக்கும் இயேசுதான். ஆனா எங்க அப்பா சபையிலே கமிட்டி மெம்பராச்சே! வருஷக்கணக்கா வாசலை மிதிக்க விடலை. அப்புறம் ஒரு டிசம்பர்லே அம்மா சொல்லி அனுப்பினாங்க. "கிறிஸ்மஸுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வாட்டி. அப்பா ஒண்ணும் சொல்லலை." ஒண்ணும் சொல்லலைன்னா என்ன அர்த்தம்? நான் சம்மதம்னு நினைச்சேன். பைத்தியக்காரி.

என் மக சுகிர்தாவுக்கு அப்போ மூணு வயசு. பஸ்ஸிலே பாடம் சொல்லிக் கொடுத்துக்கிட்டே வந்தேன்.

"தாத்தா ஜெபத்திலே சுகிர்தான்னு சொல்லுவாங்க. சொன்னதும் நீ என்ன சொல்லணும்?"

"ஆமென்!"

பஸ்ஸே திரும்பிப் பாக்குது. முன் சீட்டிலே கோழிக்கூடையோட இருந்த ஆள் சொல்றார், "யம்மா, இது பெரிய உபதேசியாரா வரும்!"

நாங்க போய் இறங்கவும் அப்பா வீட்டு ஆளுங்க கோயிலிலேர்ந்து வரவும் சரியா இருந்துச்சு. அப்பா நிமிர்ந்து பாக்கலை. சரி, ஜெபத்திலே பேர் வந்தாப் போதும்னு முழங்கால் போட்டேன்.

"மூத்த குமாரன் ஞானதுரையை ஆசீர்வதியும்." ஆமென்னான் அண்ணன். "அவன் மனைவி ரூபவதியை." மைனி ஆமென்னாங்க, கேட்டும் கேக்காம. "இளைய குமாரன் தேவசித்தத்தை." ஆமென். நடுவிலே நான் ஒருத்தி இருக்கேன்... தாண்டிப் போயிட்டார். போகட்டும், தப்புப் பண்ணினவ நான்தானே, பிள்ளை என்ன பண்ணுச்சுன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கிடக்கேன். பேரப்பிள்ளைகள் பேர் வருது. அண்ணன் பிள்ளைங்க வந்தாச்சு. அப்புறம்?... அப்புறம்?

"தொழுவத்திலே நிற்கிற சினைமாட்டுக்குச் சுகப்பிரசவத்தைக் கட்டளையிடும் ஆண்டவரே."

மாட்டுக்கு ஜெபம் பண்ணினார் தாய்மாரே! மாட்டுக்கு!

அம்மா மூக்கை உறிஞ்சுறாங்க. அண்ணன் தொண்டையைக் கனைக்கான். எல்லாருக்கும் தெரியுது. யாராவது வாயைத் திறந்தாங்களா? "இந்த விண்ணப்பங்களை எல்லாம்..."னு அப்பா முடிக்கப் போறார். அப்போ ஒரு குரல்.

"சுகிர்தாவையும் ஆசீர்வதியும் ஆண்டவரே."

யாரு? எங்க ரூபவதி மைனி! மாமனார் இருக்கிற இடத்திலே நின்னு பேசாத மைனி. என் பிள்ளை என்ன பண்ணினா? கூரை அதிர...

"ஆமென்!"

அப்பா ஜெபத்தை அப்படியே அந்தரத்திலே விட்டுட்டு எந்திரிச்சார். "என் ஜெபத்துக்குள்ளே பேச இவ யாருல?"ன்னு அண்ணனைக் கேக்கார். என் பெஞ்சாதின்னு சொல்ல வேண்டாமா அவன்? மைனி பக்கம் திரும்பி, "அப்பாகிட்ட மன்னிப்புக் கேளுட்டி"ங்கான்.

மைனி மெதுவாச் சொல்றாங்க, "நான் ஆண்டவர்கிட்டதானே மாமா பேசினேன்..."

அன்னைக்கு அந்த வீட்டிலே ஒருத்தரும் சாப்பிடலை. கறிக்குழம்பு சட்டியோட ஆறிக் கிடந்துச்சு. புறப்படும்போது கொல்லைப்புறத்திலே மைனி கையைப் பிடிச்சுக் கேட்டேன், "உங்களுக்கு எதுக்கு மைனி இந்த வம்பு?"

"நீங்க எல்லாரும் கண்ணை மூடியிருந்தீங்க. குழம்பு அடிப்பிடிச்சிருமோன்னு நான் அடுப்பங்கரையையே பாத்துக்கிட்டு இருந்தேன். திரும்பினா, உம் பிள்ளை தாத்தா வாயையே பாத்துக்கிட்டு இருக்கா. தன் வாயையும் திறந்து வச்சுக்கிட்டு. எப்படிட்டி சும்மா இருக்க?"

பஸ்ஸிலே பிள்ளை கேட்டா, "நான் சரியாச் சொன்னேனாம்மா?" என்ன பதில் சொல்ல? நீங்க சொல்லுங்க, நான் என்ன பதில் சொல்ல?

அடுத்த கிறிஸ்மஸ் ஜெபத்திலே மைனி பேர் வரலைன்னு அம்மா சொல்லித்தான் தெரியும். அதுக்கடுத்த வருஷமும் வரலை. அப்பா கண்ணை மூடுற வரைக்கும் வரலை. எல்லாருக்கும் சமைச்சு வச்சுட்டு, அதே பாயிலே முழங்கால் போட்டு, ஊர்ப்பட்ட பேரையெல்லாம் கேட்டுட்டு எந்திரிச்சுப் போவாங்க. பக்கத்திலே என் அண்ணன் கல்லு மாதிரி இருப்பான். இன்னைக்கு மைனி கல்லறைத் தோட்டத்திலே இருக்காங்க.

போதகரம்மா என்னையே பாக்காங்க, மன்னிப்புன்னு முடிப்பேன்னு. முடிக்க மாட்டேன் அம்மா. அதை ஆண்டவர் என்கிட்டே கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். நான் இவங்களைத்தான் கேக்கேன். தாய்மாரே... இந்த கிறிஸ்மஸுக்கு உங்க வீட்டிலே முழங்கால் போடும்போது எந்தப் பேர் தாண்டிப் போகப் போகுது? ஓடிப்போன மகளா? குடிக்கிற தம்பியா? பேசாம இருக்கிற மருமகளா? ஜெபம் பண்றவர் மட்டும்தான் தாண்டுறார்னு நினைக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்துதான் தாண்டுறோம். மரியாதை, மரியாதைன்னு வாயைப் பொத்திக்காதீங்க. நடுவிலே பேசுங்க. திட்டு வாங்குங்க. முடியட்டும்னு மட்டும் காத்திருக்காதீங்க... கடைசி ஆமென் சொன்னப்புறம் யாரும் யார் பேரையும் சேர்க்கிறதில்லை.