நாளுக்கு நாலு நிமிடம்

மேடையிலுள்ள பேராசிரியர் நிரோஷினி அவர்களே, றலியா டீச்சரின் மகன் ஸிபான் அவர்களே, டீச்சரை நினைவுகூர இந்த முற்றம் நிறைய வந்திருக்கும் கட்டுகஸ்தோட்டைப் பெருமக்களே! அனைவருக்கும் ஸலாம், வணக்கம். அழுதுகொண்டு பேசினால் சித்தி றலியா என்ற நம் டீச்சருக்குப் பிடிக்காது. ஆகவே சிரித்தே பேசுகிறேன்.

நான் திலீபன். ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பிள்ளை. பட்டத்தை அலுமாரியில் வைத்துவிட்டு டீவி திருத்தியவன். நாற்பது வயதில் வானொலி வானியலில் முதுமாணிப் பட்டம் படிக்கப் போனேன். வகுப்பிலேயே கிழவன் நான்தான் என்று கூசினேன். பக்கத்துக் கதிரையில் யார்? பென்ஷன் எடுத்த கணித டீச்சர், அறுபத்தொரு வயதில்!

"ஏன் டீச்சர் இந்த வயசுல?" என்றேன்.

"இப்பதானே தம்பி வானத்துக்கு நேரம் ஈக்கி."

வானத்திலிருந்து வரும் வானொலி இரைச்சலைக் கேட்பதுதான் எங்கள் படிப்பு. அதைப் பிடிக்க, இதோ, டீச்சர் வீட்டு மொட்டைமாடியில் செப்புக் கம்பி கட்டினோம். அதில் வீட்டார் உடுப்புக் காயப்போட்ட கதையை ஸிபானிடம் கேளுங்கள்!

போன செப்டம்பரில் மாலைதோறும் ஓர் இரைச்சல் வந்தது. வானத்து நட்சத்திரமெல்லாம் நாளுக்கு நாலு நிமிடம் முந்தி வரும். இதுவும் நாளுக்கு நாள் முந்தியது. எவ்வளவு முந்துகிறது என்று பார்த்தோமா? இல்லை! பால்வீதியின் நடுவைப் பிடித்துவிட்டோம் என்று துள்ளினோம். ஆய்வேட்டை பைண்ட் பண்ணியும் விட்டோம்.

கொடுப்பதற்கு முதல்நாள், சூரியன் மறைந்ததும் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு சொல்லும்போது டீச்சர் கத்தினார்: "தம்பி! இது அரை நிமிஷந்தானே முந்துது, மஃரிப் மாதிரி!"

நாங்கள் பிடித்தது பால்வீதியையா? பக்கத்துப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியை! டீச்சர் படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"யாருக்கும் தெரியாது டீச்சர். குடுத்துடுவோம். இல்லாட்டி ஒரு வருஷம் போயிடும்."

"எனக்குத் தெரியுமே தம்பி" என்று ஆய்வேட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த ஒரு வருடம் தமக்கு இல்லாமல் போகலாம் என்று வைத்தியர் ஏற்கனவே சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியாது. டீச்சருக்குத் தெரியும்! தெரிந்தே பட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

ஆனால் கேளுங்கள்! இந்த ஆகஸ்டில் புதிதாக அளந்தோம். நான் மாடியிலிருந்து நேரத்தைச் சொல்வேன், டீச்சர் கட்டிலில் இருந்து கொப்பியில் எழுதுவார். ஐந்தாம் நாள் போனிலே கத்தினார்: "நாலு நிமிஷம் தம்பி! சரியா நாலு நிமிஷம்!" அந்தச் சந்தோஷத்தோடுதான் டீச்சர் போனார்.

இன்னும் பதினொரு நாள் அளவை பாக்கி. அதை நாங்கள் முடிப்போம். ஆய்வேட்டில் முதல் பெயர் சித்தி றலியா. இது இந்தச் சபையறிய நான் தரும் வாக்கு.

பால்வீதி நேற்று ஆறு நாற்பத்திரண்டுக்கு வந்தது. இன்று ஆறு முப்பத்தெட்டுக்கு வரும். மஃரிப் தொழுதுவிட்டு எல்லோரும் மாடிக்கு வாருங்கள். கொப்பியில் இன்றைய நேரத்தை ஸிபான் எழுதுவார்.