அக்கா தூங்கிய மத்தியானம்

எனக்கு ஆறின டீயே பழகிவிட்டது சார், வேறு கொண்டுவரச் சொல்ல வேண்டாம். புரோகிராம் எழுதுகிறவன் சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை.

என் வேலை, ஓடிக்கொண்டே இருக்கும் தகவலைக் கவனிப்பது. ஒரு கருவி ஓயாமல் எண்களை அனுப்பும். அந்த ஓட்டத்தை நாங்கள் ஸ்ட்ரீம் என்போம். யார் அதற்குச் சந்தாதாரராகச் சேர்ந்திருக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் அது போய்ச் சேரும். ஒருவருடைய சந்தாவை வெட்டினால் அவருக்கு மட்டும் வராது. அனுப்புகிற கருவிக்கு அது தெரியவும் தெரியாது.

அப்பா படுக்கையில் விழுந்தபோது, அவர் விரலில் மாட்டிய கருவிக்கு நானே அப்படி ஒன்று எழுதினேன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அக்காவின் போன் அலறும். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். பெரும்பாலும் அப்பா மாஸ்க்கைப் பிடுங்கி வீசியிருப்பார். மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி அலறும்.

"கண்ணை மூடினாலும் அந்தச் சத்தம்தான்டா தம்பி கேக்குது. பைத்தியம் பிடிச்சிரும்போல இருக்கு."

முதலில் நியாயமாகத்தான் செய்தேன். சும்மா தடுமாறும் எண்களை வடிகட்டினேன். ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வராமல் தடுத்தேன். அக்காவின் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. அப்பா அப்படியேதான் கிடந்தார். ஆபீஸ் விட்டு வந்தால் என் முறை: துணி மாற்ற வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், அவரிடம் திட்டு வாங்க வேண்டும்.

அன்று மத்தியானம் ஆபீஸிலிருந்து கூப்பிட்டேன். "கொஞ்சம் படுத்துக்கோக்கா. நானும் இங்கேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"ஏதாவதுன்னா எழுப்புவியா?"

"எழுப்பாம இருப்பேனா?"

அவள் சந்தாவை வெட்டினேன். எண்கள் இறங்கத் தொடங்கின. எச்சரிக்கை என் திரைக்குத் தவறாமல் வந்தது; புரோகிராமில் பிசகே இல்லை. அக்கா பக்கத்து அறையில்தான் இருந்தாள். ஒரு போன் செய்தால் போதும்.

ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் விசாரணையில் சொன்னது உண்மைதான். "என்ன பாஸ், இப்படி இறங்குது?" என்றார். "டெஸ்ட் டேட்டா" என்றேன். எண்கள் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாமதமாகச் சேர்கிறவர்களுக்குப் பழைய தகவலை அனுப்பிவைக்க ஒரு வசதி உண்டு. அக்காவை மறுபடி சேர்த்தேன். வந்த எச்சரிக்கைகள் எல்லாம் அந்தந்த நேரத்தோடு அவள் போனில் போய் உட்கார்ந்தன. சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

"இத்தனை தடவை அடிச்சிருக்குடா. பக்கத்துலயே கெடந்து தூங்கியிருக்கேனே" என்று கதறினாள். நான் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னேன்.

ஆமாம் சார், அப்பாவைச் சாகவிட்டது நான்தான். அவள் ஓயட்டும் என்றுதான் செய்தேன். இப்போது மாத்திரை போட்டாலும் தூங்குவதில்லையாம். ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தூங்கிவிட்டாளே என்று அவளை நான் இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.