பின்சக்கரத்துச் சத்தம்

குழலி: அப்பா, ஆடாம புடி. முன்பக்கம் சாயுது பாரு.

பக்கிரி: புடிச்சிக்கினுதான் இருக்கிறேன். இத எங்க புடிக்கிறதுன்னே தெரியல. போட்டுன்னா ஓரத்தப் புடிக்கலாம்... இது வெறும் எலும்பா இருக்குது.

குழலி: எலும்பு இல்லப்பா, பிரேம்.

பக்கிரி: முதலியார்சாவடி வெள்ளக்காரரு வேணாம்னு ஓரங்கட்டி வச்சிருந்ததத்தான?

குழலி: ஆமா. அலுமினியம். நம்ம ஊரு காத்துக்கு இரும்பு வாங்கினா உள்ளயே தின்னுடும். வெளிய பெயிண்ட்டு பளபளன்னு இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. கஷ்டப்பட்டு சேத்த காசு, பாத்துதான வாங்கணும்.

பக்கிரி: அது சரி... பின்னாடி ஸ்பிரிங்கு எங்க? பாண்டி கடையில பாத்தோமே, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. என்னா கெத்தா இருந்துச்சு!

குழலி: அந்த வெலைக்கு ரெண்டு ஷாக் குடுக்கிறான்னா பேருக்குத்தான் ஷாக். நாம மிதிக்கிற தெம்ப எல்லாம் அதுவே குடிச்சிடும். கனம் வேற. ஏத்தத்துல நான் சைக்கிள ஓட்டணுமா, தோள்ல தூக்கினு போவணுமா?

பக்கிரி: கனமா இருந்தாத்தான் அலைக்கு நிக்கும்.

குழலி: ஐயோ, போட்டு இல்லப்பா இது! ஏற்காட்டுல மலை சைக்கிள் டீமுக்கு செலக்‌ஷன். காடு, பாறை, வேரு... எறங்கி ஏறி எறங்கி ஏறிப் போவணும். லேசா இருக்கணும், முன்னாடி மட்டும் ஷாக் போதும்.

பக்கிரி: பொறந்ததுலேர்ந்து மலையப் பாக்காதவ மலை சைக்கிள் கட்டுறா. நம்ம ஊருல ஒசரமா என்ன இருக்குது... உப்புக் குவியல்தான்.

குழலி: அதுலயும் ஏறிப் பாத்துட்டேன்.

பக்கிரி: எதுல?

குழலி: சும்மா சொன்னேன்பா. அந்த ஸ்பேனர எடு. சின்னது இல்ல, அதுக்கு அடுத்தது.

பக்கிரி: உப்பளத்துப் பக்கம் போவாதன்னு சொல்லியிருக்கிறேன் இல்ல?

குழலி: சொல்லியிருக்கிற.

பக்கிரி: செயினு, பல்லு எல்லாம் துரு புடிச்சிப் போவும். அப்புறம் நீ கழுவினாலும் வேலைக்கு ஆவாது. நம்ம போர் தண்ணியே உப்புதான்.

குழலி: தெரியும்பா.

பக்கிரி: சவுக்குத் தோப்புல ஓட்டு. நெழலா இருக்குது. ஒரு பய தொந்தரவு பண்ண மாட்டான்.

குழலி: தோப்புல மணல்பா. டயரு புதையுது, வேகமே வராது. எனக்குக் கெட்டித் தரை வேணும், குறுகலா, ரெண்டு பக்கமும் பள்ளமா... கொஞ்சம் தப்பினா விழுந்துடணும். அப்பதான் பேலன்ஸ் வரும்.

பக்கிரி: விழறதுக்குன்னே எடம் தேடுறவள இப்பதான் பாக்கிறேன்.

குழலி: உன் பொண்ணுதான.

பக்கிரி: ம்... உங்கண்ணன் இருந்தா இந்த நட்ட ஒரே அமுக்குல எறக்கியிருப்பான்... சொல்ல வந்தேன். வுடு. அடுத்தது என்னா?

குழலி: பிரேக்கு. ஆயில்ல வேல செய்யிறது ஒண்ணு இருக்குது, ஒரு வெரலு போதும், நின்னுடும். ஆனா ரிப்பேருன்னா பாண்டிக்குத்தான் ஓடணும். அதான் கேபிள் வச்சது வாங்கிக்கினேன். டிஸ்க்குதான். நானே டைட் பண்ணிப்பேன்.

பக்கிரி: அது நல்ல வேல. நம்ம கையால அவுத்து மாட்ட முடியாத சாமான நம்பிப் போவக் கூடாது.

குழலி: பாரேன், முன்னாடி பல்சக்கரம் ஒண்ணே ஒண்ணுதான். பின்னாடி ஒம்போது. செயினு அவ்வளவு சுலபத்துல கழலாது.

பக்கிரி: பின்சக்கரம் மட்டும் பழசா இருக்குதே?

குழலி: என் பழைய சைக்கிள்துதான். ரிம்மு நல்லா இருக்குது. எதுக்கு வீண் செலவு? டயரு மட்டும் புதுசு, அகலமா. காத்து கம்மியா வச்சா கல்லு மேலயும் ஒட்டிக்கினு போவும்.

பக்கிரி: இதானா... மிதிக்காம உட்டா கிர்ர்ருன்னு கத்துமே, அது.

குழலி: ... அதேதான். அப்பா, கிரீஸ் இருக்குதா?

பக்கிரி: இன்ஜின் பொட்டியில பாரு. டின்னு இருக்கும்.

குழலி: மூடி வர மாட்டேங்குதுப்பா.

பக்கிரி: திருப்பி இழு.

குழலி: துரு புடிச்சி இறுகிக் கெடக்குது. மேல ஒட்டட வேற... எப்பப்பா கடைசியா தொறந்த?

பக்கிரி: போன வாரம்கூட... இல்ல, நான் கடலுக்குப் போற போட்டுலயே பச்சமுத்து ஒரு டின்னு வச்சிருக்கிறான். அதத்தான் எடுக்கிறது.

குழலி: சரி.

பக்கிரி: குடு இப்படி... ந்தா. வந்துடுச்சு.

குழலி: காலக் கீழ வைக்காத, பேரிங் பால்ஸு கொட்டி வச்சிருக்கிறேன். என்னாப்பா இது, பாதமெல்லாம் இப்படி வெடிச்சிருக்குது?

பக்கிரி: கயிறு அறுத்தது.

குழலி: உள்ளங்கால்லயா?

பக்கிரி: வேலயப் பாரும்மா... ஏய் ஏய், என்னா அது, அவ்வளவு கிரீஸா? மருதாணி மாதிரி அப்புற!

குழலி: இருக்கட்டும்பா.

பக்கிரி: வேணாம்னு சொல்றேன். இந்தப் பல்லுக்கு நடுவுல சின்னச் சின்னக் கொக்கி இருக்குது பாரு. போட்டு இன்ஜின்ல கயிறு இழுக்கிற எடத்துலயும் இதே கதைதான். கிரீஸ அப்பினா கொக்கி ஒட்டிக்கும். இழுக்க இழுக்க வழுக்கும்.

குழலி: தெரியும்.

பக்கிரி: தெரிஞ்சி ஏன் அப்புற?

குழலி: சத்தம் வரக் கூடாது.

பக்கிரி: சத்தம் வந்தா என்னா? செலக்‌ஷன்ல சத்தத்துக்கு மார்க் கொறைப்பானா?

குழலி: எனக்குப் புடிக்கல. வேற ஒண்ணும் இல்ல.

பக்கிரி: ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிக்கும்போது வழுக்கிச்சின்னா? மூஞ்சி முகரை பேந்துடும். இத்தன நாளு பாடுபட்டது ஒரு டப்பா கிரீஸுல போவணுமா? எடுத்துட்டா ஹாஸ்டலு, கோச்சிங்கு எல்லாம் அவங்களே பாத்துப்பாங்கன்னு நீதான சொன்ன. இந்த உப்புக் காத்துலேர்ந்து ஒரு ஆளாவது வெளிய போவட்டும்னு நான் நெனச்சினு கெடக்கிறேன்...

குழலி: செலக்‌ஷனுக்கு முன்னாடி தொடச்சிடுறேன்பா. அது வரைக்கும் இருக்கட்டும்.

பக்கிரி: அது வரைக்கும் யாருக்குக் கேக்கக் கூடாது?

குழலி: அந்த ஸ்பேனர இப்படிக் குடுப்பா.

பக்கிரி: குழலி.

குழலி: பம்பு கொட்டாய்கிட்ட ஒரு வளைவு இருக்குதுப்பா. கரை அங்க ரொம்பக் குறுகல். மிதிச்சினே திரும்பினா பெடலு தரையில இடிக்குது. மிதிக்காம உட்டாத்தான் திரும்பும்... உட்டா கத்துது.

பக்கிரி: எந்தக் கொட்டாய்?

குழலி: உப்பளத்துல. திட்டுறதுன்னா திட்டிடு. பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து அங்கதான் ஓட்டுறேன். விடியக்கால.

பக்கிரி: அந்த நேரத்துல அங்க... ஆளுங்க வேல செய்வாங்களே.

குழலி: செய்வாங்க.

பக்கிரி: யார்னா தெரிஞ்சவங்களப் பாத்தியா?

குழலி: யாரையும் பாக்கலப்பா. எல்லாரும் முண்டாசு கட்டிக்கினு குனிஞ்சினு இருப்பாங்க. எல்லாரும் ஒரே மாதிரிதான்.

பக்கிரி: ஒரே மாதிரிதான்... ஆமா.

குழலி: ஒருத்தரு மட்டும்...

பக்கிரி: சொல்லு.

குழலி: எல்லாரும் பலகைய முன்னால தள்ளி அப்புறம் உப்ப வழிப்பாங்க. ஒருத்தரு மட்டும் கால அகட்டி நின்னுக்கினு, துடுப்பு வலிக்கிற மாதிரி இழுப்பாரு... அப்பா, பிரேம உடாத. சாயுது.

பக்கிரி: புடிச்சிக்கினுதான் இருக்கிறேன்.

குழலி: நான் கேட்டுடக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்தப் பெரியவரு நான் வர்ற பக்கம் திரும்பிடக் கூடாது, என்னப் பாத்து அவரு வெக்கப்படக் கூடாது... அதுக்குத்தான் கிரீஸு. போதுமா?

பக்கிரி: உங்கம்மாவுக்குத் தெரியுமா?

குழலி: அம்மா மீன் விக்கிறவப்பா. கடல்லேர்ந்து நேரா கொண்டாந்தேன்னு நீ சங்கரா மீன நீட்டுற. செவுளத் தொட்டா ஜில்லுனு இருக்குது. ஏலக் கடை ஐஸு மீனு அவளுக்குத் தெரியாதா? ஒண்ணும் பேசாம கொழம்பு வச்சா. நாங்களும் தின்னோம்.

பக்கிரி: அடப்பாவிங்களா... அப்ப ஊருக்கு?

குழலி: ஊருக்கே தெரியும். பச்சமுத்து மாமாதான் எல்லாரையும் வாய மூட வச்சிருக்கிறாரு. பக்கிரி மனசு ஆறட்டும், அது வரைக்கும் எவனும் கேக்கக் கூடாதுன்னு... அழாதப்பா.

பக்கிரி: அழல. கடல்ல காலு வைக்க முடியல குழலி. நானும் போயிப் போயிப் பாத்தேன். தண்ணி முட்டிக்கு வந்தா போதும், உங்கண்ணன் கையி என் கையிலேர்ந்து வழுக்கினு போறது அப்படியே வருது. போட்டு கவுந்தப்ப நான் அவனத்தான் புடிச்சினு இருந்தேன்... உட்டது நானா, அலை இழுத்துச்சா, இன்னி வரைக்கும் தெரியல.

குழலி: அலைதான்பா.

பக்கிரி: உப்புப் பாத்தியில தண்ணி கணுக்காலுக்கு மேல வராது. அதான் அங்க போனேன். அப்பன், பாட்டன் எல்லாம் கடல்ல நின்னவங்க... நான் பாத்தியில நிக்கிறேன்னு எப்படிச் சொல்லுவேன் உங்ககிட்ட?

குழலி: சொல்ல வேணாம். நான் இனிமே அந்தப் பக்கம் வரலப்பா. தோப்புலயே ஓட்டிக்கிறேன்.

பக்கிரி: மணல்ல ஓட்டி எந்த மலையில ஏறுவ? அந்தத் துணிய எடு.

குழலி: எதுக்கு?

பக்கிரி: கிரீஸத் தொட. ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது, மெல்லிசா எண்ணெய் மட்டும் உடு.

குழலி: கத்துமேப்பா...

பக்கிரி: கத்தட்டும். மொத நாளே கேட்டுச்சு எனக்கு. நம்ம வாசல்லேர்ந்து நீ தள்ளினு போற சத்தம் எனக்குத் தெரியாதா? போவாதன்னு வாயால சொல்லிக்கினு, காத அந்தப் பக்கமே வச்சினு நிப்பேன். வளைவுல அந்தக் கிர்ரு கெளம்பி, நீ திரும்ப மிதிச்சி அது அடங்குற வரைக்கும் நான் பலகைய இழுக்கிறதே இல்லம்மா.