யாரு தோளுக்கு அளவெடுத்தீங்க?

ஓட்டையா? உங்க தையல்லயா? சிரிக்காம என்ன பண்றதுங்க ராவுத்தரே. சேந்தமங்கலத்துலேர்ந்து காரவள்ளி வந்து, அங்கிருந்து இத்தனை மேடும் ஏறி, இதைக் கேக்கத்தானா வந்தீங்க? உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க. பையையும் தூக்கியாந்துட்டீங்களா? அட, அதேதான். போட்டோக்காரரு உங்க மூஞ்சியில விட்டெறிஞ்சாரா? எறிவாரு, எறிவாரு. இந்த ரெண்டு வாரையும் என்ற தோளுக்கு நல்லாத் தெரியுமுங்க. மாசம் ஒண்ணாச்சு, தழும்பு போவல, பாருங்க.

ஆமாங்க, அந்த போட்டோக்கார அய்யாவுக்குச் சொமந்தது நாந்தான். இந்தத் தேவனூர் நாட்டுல செல்லமுத்துன்னு மூணு பேரு இருக்கறோம். அவருக்குச் சொமக்கப் போன முட்டாளு நான் ஒருத்தன்தான்.

இருங்க, அதுக்குத்தான் வாரேன். படம் புடிச்ச பன்னெண்டு கண்ணாடித் தட்டும் கழுவிப் பாத்தாக் கரிக்கட்டையா இருந்துச்சு, பைக்குள்ளாற வெளிச்சம் பூந்துருச்சு, தைச்சவன் ஏமாத்திப்போட்டான். இதைத்தானே சேலம் பூராவும் சொல்லிட்டுத் திரியறாரு? அதனால உங்ககிட்டச் சேணம் தைக்கவும் ஆளு வரலீங்களா? ஜட்காக்காரங்க கூடவா? அடப்பாவமே. இருவது வருசமா ஊசி புடிச்ச கையாச்சேங்க.

அந்த ஆளுக்குப் பை வாங்கற கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். மொதத் தடவை கேமராவை டிரங்குப் பொட்டியில வெச்சுக்கிட்டு வந்தாரு. கல்யாணச் சீர் கொண்டு போறாப்புல ரெண்டு பேரு தலைமாத்தித் தூக்கிட்டு வந்தோம். உள்ள களக்குன்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும், நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு அவரு உக்காந்துக்குவாரு. ரெண்டாந்தடவை தோல் பொட்டி. ஒத்தை வாரு, ஒரு பக்கமாத் தொங்கும். எட்டு வெக்கறப்பல்லாம் தொடையில இடிக்குது. கொஞ்ச தூரம் நடந்தாரு, அப்பறம் நொண்டுனாரு, அப்பறம் எடுத்து என்ற கழுத்துல மாட்டிப்போட்டாரு.

அதுக்கப்பறந்தான் அந்தச் சீமைப் பொஸ்தகம். உங்களுக்கும் காட்டுனாரா? துரைமாருங்க முதுகுல பை மாட்டிக்கிட்டு மலை ஏறறாங்க. தரையெல்லாம் வெள்ளையா இருக்குதே, உப்பாங்கன்னு கேட்டேன். பனிடா மடையான்னாரு. சரிதான். ஆனா ராவுத்தரே, அந்தப் படத்துல பையைச் சொமக்கறவன் துரையேதானுங்க. அது மட்டும் நம்ம அய்யா கண்ணுக்குத் தெரியல.

நானும் சொன்னேனுங்க. மூங்கக் கூடையில சாமை வைக்கோலப் போட்டு, கண்ணாடித் தட்டுங்களை அதோட மரப்பொட்டியோட வெச்சாக் குலுங்காதுங்கன்னு. கூடையில கேமராவான்னு அப்படி ஒரு சிரிப்பு. மரப்பொட்டியும் வேண்டாம், கருப்புக் காயிதத்துல சுத்திப் பையிலயே வெச்சுக்கறேன்னு உங்ககிட்டச் சொன்னாராமே? கனமா இருக்குதுன்னா? யாருக்குங்க கனம்?

நீங்க யாரு தோளுக்கு அளவெடுத்தீங்க, சொல்லுங்க. அவரு தோளுக்கு. மொளகுக் கொடியாட்டம் ஒடம்பு. நிக்கச் சொன்னாரு, அளந்தீங்க, உங்க மேல தப்பில்ல. ஆனா அது ஏறுனது என்ற முதுகுலயில்லீங்களா? அக்குள் ரெண்டையும் அறுத்துப்போடுச்சு. அவரு தொப்பியும் தடியுமாப் பின்னால வாரவரு, மெள்ளப் போடா, மெள்ளப் போடாங்கறாரு. முதுகுல அத்தனையும் வெச்சுக்கிட்டு ஓட்டப்பந்தயமா ஓடுவாங்க?

ஆனா ஒண்ணு. நடுவழியில மழை கொட்டுச்சு. நாங்க ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சோம், பைக்குள்ள ஒரு சொட்டு எறங்கல. தண்ணியே போவாத எடத்துல வெளிச்சம் எங்கீங்க போவும்?

அப்பறம் எப்படிக் கருத்துச்சுன்னா, சொல்றேன்.

இங்க வந்து என்ற கையில வில்லக் குடுத்தாருங்க. வில்லு! சேலத்துல டிராமாக்காரங்ககிட்ட வாடகைக்கு எடுத்ததாம். அதையும் நாந்தான் சொமந்து வந்தேன். வேட்டைக்காரனா நில்லுன்னாரு. எனக்குச் சாமை வெதைக்கத் தெரியும், மொளகுக் கொடி ஏத்தத் தெரியும். மொயலு வந்தாக்கூட வெரட்டத்தான் தெரியும். சிரிக்காதீங்க. நின்னேன்.

பெருமாயி, என்ற சம்சாரம், போட்டோன்னதும் தலைக்கு எண்ணெ வெச்சுச் சீவிக்கிட்டு, ரவிக்கை போட்டுட்டு வந்து நின்னா. செவப்பு ரவிக்கை. காரவள்ளிச் சந்தையில ரெண்டு வாரம் பாத்துப் பாத்து வாங்குனது. இந்த ஊருக்கே அதுதான் மொத ரவிக்கை. கேமராவோட கருப்புத் துணிக்குள்ள பூந்த அய்யா படக்குன்னு வெளிய வந்துட்டாரு. மலைக்காரிக்கு ஏதுடா ரவிக்கை, இந்தப் படத்தைப் பட்டணத்துல எக்சிபிசன்ல மாட்டோணும், கழட்டிப்போட்டுத் தழையைச் சுத்தச் சொல்லுன்னாரு. அவகிட்டச் சொல்லலீங்க. எங்கிட்டச் சொன்னாரு. மூட்டையை எறக்குன்னு சொல்றாப்புலயே.

நான் என்ன சொன்னேன்னா கேக்கறீங்க? அவரை ஒண்ணும் சொல்லல. அவளப் பாத்துத்தான் சொன்னேன். கழட்டிரு பெருமாயி, அய்யா சொல்றாரில்லன்னு. என்ற வாயாலயே சொன்னேனுங்க. அவ என்னைய ஒரு பார்வை பாத்தா, கழட்டிப்போட்டுத் தழையோட வந்து நின்னா. அந்த ரவிக்கை அதுக்கப்பறம் எங்க போச்சுன்னே தெரியல. நானும் கேக்கல. கேக்க எனக்கு என்ன மூஞ்சி இருக்குது?

மறாநா பகல்ல எறங்கறோம். ஓடையக் கண்டதும் அய்யா குளிக்கப் போனாரு. பைய எறக்குனேன், உங்க வாரை அவுத்தேன். வெளிச்சம் பட்டாப் போச்சு, வெளிச்சம் பட்டாப் போச்சுன்னு வழி நெடுக அவருதானே எனக்குப் பாடம் சொல்லிட்டு வந்தாரு? காயிதத்தைப் பிரிச்சேன். எது அவ இருக்கற தட்டுன்னு தெரியலீங்க, எல்லாம் ஒண்ணாட்டம் பாலு நெறமா இருக்குது. அதனால பன்னெண்டையும் வெயில்ல காட்டிப்போட்டு, மறுபடி சுத்தி வெச்சு, வாரை இறுக்கிட்டேன். அவரு தலை தொவட்டிக்கிட்டு வந்தாரு, பத்திரமாடான்னாரு. பத்திரமுங்கன்னேன்.

உங்க பையில ஊசிமுனை ஓட்டை இல்லீங்க ராவுத்தரே. அது உங்க தலையில விடியும்னு சத்தியமா நான் நெனைக்கல.

எந்திரிங்க, நானும் கூட வாரேன். சேலத்துல அவரு ஊட்டு வாசல்ல நின்னு, நாந்தான் தொறந்தேன்னு நாலு பேரு கேக்கச் சொல்றேன். போலீசுன்னாப் போலீசு. எதுக்குத் தொறந்தேன்னு கேட்டாக் கள்ளுக் குடிச்சிருந்தேன், புத்தி கெட்டுப் போச்சுன்னு சொல்லிக்கறேன். நீங்களும் அதையே சொல்லிருங்க. அவ அப்படி நின்ன தட்டுன்னு ஒண்ணு இருந்துச்சுன்னே ஒருத்தருக்கும் தெரிய வேண்டாமுங்க.